பேசக் கூடாதுன்னுதான சொன்னிய?

முதல் வேட்டு வெடித்தபோது நான் ஓர் ஊசிவால் வாத்தின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்லேட் நிறத் தலை. காதுப் பக்கமிருந்து கழுத்து வழியாக மார்புக்கு இறங்கும் வெள்ளைக் கோடு — பெயிண்டர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தது மாதிரி. ஸ்கோப்புக்குள் — முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிதான் — அது என் மூக்குக்கு முன்னால் மிதந்தது. கரை ஏறி வந்துகொண்டிருந்த வனத்துறை அதிகாரியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். சீக்கிரம் வாங்க சார்... இந்தக் கழுத்தைப் பாருங்க...

டமார்!

ஏதோ தீபாவளி வெடி என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற அதிர்வேட்டு. காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்கும்.

ஸ்கோப்புக்குள் வாத்து இல்லை. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தினேன். குளத்தின் மேல்தோலை யாரோ உரித்து வானத்தில் வீசியது போல, அத்தனை பறவைகளும் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஊசிவால், கிளுவை, நீலச்சிறகு, கரண்டி மூக்கு வைத்த தட்டைவாயன்... எல்லாம்.

அடுத்த வேட்டு. அதற்கடுத்த வேட்டு.

புகை விலகியபோது குளம் காலி. ஒரே ஒரு நாமக்கோழி — கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக இருக்குமே, அது — தண்ணீர்மேல் தடதடவென்று ஓடிப்போய்க் கோரைப் புல்லுக்குள் ஒளிந்தது.

 

இது நடந்தது சங்கரன்கோவிலில் இருந்து குருவிகுளம் போகிற பாதையில், உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே இப்போதைக்கு ஹாரன் அடிக்க அனுமதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் — எனக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புதிய வாசகர்கள் கேட்கலாம்.

நான் விசைத்தறித் தெருவில் பிறந்தவன். காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அம்மா ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் வரும். குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரி முகாமில் யாரோ ஒரு பைனாகுலரைக் கையில் கொடுத்து, 'சத்தம் போடாம அந்த மரத்தைப் பாரு' என்றார்கள். மரத்தில் என்ன பறவை இருந்தது என்பது இப்போது மறந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ஒரு இடத்தில் நிற்க முடியும் என்பது மட்டும் மறக்கவில்லை. அன்று பிடித்த கிறுக்கு இது.

"வாத்தப் பாக்கவால ஒன்னையப் படிக்க வச்சோம்?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். தறி ஓடும்போதே கேட்கிறாள். ஊருக்கே கேட்கிறது.

மாசி கடைசி என்றால் எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளாது. ஐப்பசி மழைக்கு வந்த வாத்துகள் வடக்கே திரும்பத் தயாராகிற சமயம். சிறு சிறு குளங்களில் சிதறிக் கிடந்தவை, தண்ணீர் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு குளங்களில் கூட்டமாகக் கூடும். வயிறு முட்டத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும். இமயமலையையே தாண்டிப் போகிற பயணம். வழியில் மோட்டல் கிடையாது.

அப்படிக் கூடிய குளம்தான் இது. சுற்றிலும் கரிசல் காடு. மக்காச்சோளம் அறுத்த தட்டைகள். நடுவில் கண்ணாடி மாதிரி தண்ணீர். இதைப் பார்க்கப் போய்த்தான் செல்லத்தாய் அக்காவைத் தெரிந்துகொண்டேன். அந்த ஊர் வார்டு மெம்பர். கையில் எப்போதும் மனுவும், இடுப்பில் எப்போதும் மொபைலும் வைத்திருப்பவர்.

அக்காவுக்கு வாத்து பற்றிக் கவலை இல்லை. தண்ணீர் பற்றித்தான்.

அந்தக் குளத்தில் மண் அள்ள ஓர் ஒப்பந்தக்காரருக்கு அனுமதி கிடைத்திருந்தது. மண் அள்ள வேண்டுமானால் மடையைத் திறந்து, இருக்கிற தண்ணீரை வடித்துவிட வேண்டும். குளம் வற்றினால் ஊர்க் கிணறு வற்றும். கிணறு வற்றினால் சித்திரை, வைகாசியில் குடிப்பதற்கு எங்கே போவது? தண்ணீர் தானாக வற்றட்டும், அப்புறம் அள்ளிக்கொள்ளுங்கள் — இவ்வளவுதான் ஊரின் கோரிக்கை. அக்கா இதைச் சொல்லி ஏறாத படி இல்லை. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்ததும் மெஷின் இறங்கும் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இங்கே வெளிநாட்டுப் பறவைகள் இருக்குன்னு வனத்துறைக்கு ஒரு மனு கொடுத்துப் பாருங்கக்கா" என்றேன்.

கொடுத்தார். அந்த வாரமே ஃபோன் வந்துவிட்டது. ஓர் அதிகாரி நேரில் வருகிறார்!

அக்கா என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது குரலில் சந்தோஷத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம்.

"தம்பி, மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி இல்லாமப் போயிரும்னு எத்தன தடவ எழுதுனேன். ஒருத்தரு எட்டிப் பாக்கல. வாத்துன்னு ஒரு வரி எழுதுனேன்... ஜீப்பே வருதே!"

வாத்துக்கு இருக்கிற செல்வாக்கு நமக்கு இல்லை அக்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதிகாரி வருகிற நாளுக்கு ஊரைத் தயார்படுத்துகிற பொறுப்பு என் தலையில். நானும் படித்தவன் மிடுக்கோடு கட்டளைகள் போட்டேன். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். கரைமேல் கூட்டமாக நிற்க வேண்டாம். குழந்தைகள் கல் எறியக் கூடாது. முக்கியமாக — மறுபடி மறுபடி சொன்னேன் — யாரும் பேசக் கூடாது.

அன்று விடியும்போது நான் போய்ப் பார்த்து அசந்துபோனேன். கரைக்குக் கீழே கருவேல மர மறைவில் ஊரே வரிசையாக உட்கார்ந்திருந்தது. பழுப்புச் சட்டை, சாம்பல் சேலை, மண் நிறத் துண்டு. ஒரு பேச்சு இல்லை. ஓர் இருமல் இல்லை. கைக்குழந்தைகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

பிறகுதான் டமார்.

புகைக்குள்ளிருந்து பரமசிவம் அண்ணாச்சி வந்தார். ஊர்க் கோயிலுக்கு வேட்டு போடுகிறவர். கையில் திரி. முகத்தில் தலைமகனுக்குத் தாலி எடுத்துக்கொடுத்த களை.

"அண்ணாச்சி... என்ன செஞ்சிட்டிய?"

"ஏன் தம்பி, சத்தம் பத்தலையா? இன்னும் ரெண்டு இருக்கு."

"பேசக் கூடாதுன்னு சொன்னேம்லா!"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் பின்னால் திரும்பினார்.

"ஏலே... எவம்லே பேசுனது?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா? ஒரு பய மூச்சு விடல. பேசக் கூடாதுன்னுதான சொன்னிய? வேட்டு போடக் கூடாதுன்னு சொல்லலையே."

சொல்லுங்கள்... இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

செல்லத்தாய் அக்கா ஓடிவந்தார். பொன்னாடை கையில் தயாராக இருந்தது.

"ஆபீசர் வந்தா வேட்டு போடாம எப்படித் தம்பி? முன்ன ரோடு பாக்க ஒருத்தரு வந்தாரு. அன்னைக்குன்னு பாத்து மழைல வேட்டு நமத்துப்போச்சு. போடல. ரோடும் வரல. பொறவு தண்ணி டாங்க் பாக்க வந்தவருக்கு நாலு தெருவும் அதிருத மாதிரி போட்டோம். டாங்க் வந்துட்டு. அன்னையில இருந்து எங்க ஊருல இது வழக்கம். மரியாதைலா!"

அக்கா சொல்வதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யோசித்தேன். இல்லை. எத்தனையோ முறை கெஞ்சிக் கூப்பிட்டு, ஒருமுறை வருகிற அதிகாரி. அவர் மனம் குளிர வேண்டும். அதற்குத் தங்களிடம் இருப்பதிலேயே பெரிய சத்தத்தை எடுத்து வைத்தார்கள். பறவை பார்க்கிறவனுக்கு அமைதிதான் மரியாதை. அவர்களுக்குச் சத்தம்தான் மரியாதை. இந்த இரண்டும் ஒரே கரையில் சந்திக்கும் என்று எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். கழுத்தில் பொன்னாடை, கையில் எலுமிச்சம்பழம். காலிக் குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பறவைங்க எங்க தம்பி?"

"இப்ப... இப்பதான் சார்... இருந்துச்சு..."

கோரைக்குள்ளிருந்து நாமக்கோழி தலையை மட்டும் நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டது.

"ஒரு கோழிய வச்சுக்கிட்டு நான் என்ன எழுத முடியும்?" என்றார். கோபமாக இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசம்.

அப்போதுதான் ஊருக்கே உறைத்தது. அண்ணாச்சியின் கையிலிருந்த திரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தரையில் தேய்த்து அணைத்தார். செல்லத்தாய் அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் ஏறிய படிகள் எல்லாம் புகையாக வடக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

அக்காவின் இடுப்பில் மொபைல் அடித்தது. பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த தங்கச்சி. ஸ்பீக்கர் தேவைப்படாத குரல்.

"யக்கா! அங்கன என்ன வெடிச்சது? ஒங்க வாத்து அம்புட்டும் எங்க குளத்துல வந்து விழுதுக்கா! எங்க குளமே கறுத்துப்போச்சு!"

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அது எந்த ஊரு?"

"சார்... அதுக எங்க ஊரு வாத்து சார்" என்றார் அக்கா.

"வாத்துக்கு ரேஷன் கார்டு கிடையாதும்மா. எங்க இருக்கோ, அங்கதான் நான் எழுத முடியும்."

ஜீப் கிளம்பிவிட்டது. என் பைக்கின் பின்னால் அக்கா ஏறிக்கொண்டார்.

பக்கத்து ஊர்க் குளத்தில் — தங்கச்சி சொன்னது நிஜம். அத்தனையும் அங்கே இருந்தன. பயந்துபோய், மேயாமல், நடுத் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அதிகாரி படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குளத்தில் யாரும் மண் அள்ள வரவில்லை. அங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் எடுத்தார்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்காவின் காதருகே வந்து கேட்டார்:

"ஆபீசரு நம்ம ஊருக்கும் வந்திருக்காரு. ரெண்டு வேட்டு போட்டிருவமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா குளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். இங்கே இரண்டு வேட்டு வெடித்தால் பறவைகள் எங்கே போகும்? எங்கிருந்து வந்தனவோ அங்கேயே திரும்பிப் போகலாம். அதிகாரி இன்னும் இங்கேதான் இருக்கிறார். ஜீப்பும் இருக்கிறது. அக்காவின் கண் குளத்தில், ஜீப்பில், தன் ஊர்ப் பாதையில் என்று மாறி மாறிப் போனது. கணக்கு அவர் மனதிலும் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் மனதிலும் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேண்டாம்யா" என்றார் கடைசியில். "எங்க ஊரு போட்டது போதும். அதுக பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டும்."

கிளம்பும்போது அதிகாரி ஒரு வாக்குக் கொடுத்தார். பங்குனிப் பொங்கல் அன்று வேறு வேலையாக இந்தப் பக்கம் வருகிறார். அன்றைக்கு இந்தப் பறவைகள் உங்கள் குளத்தில் இருந்தால் பார்த்துவிட்டு மேலே எழுதுகிறேன் என்றார். இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பங்குனிப் பொங்கல்! கோயில் எங்கே இருக்கிறது தெரியுமா? குளத்துக் கரைமேல்.

அம்மன் பொங்கல் என்றால் உங்களுக்கே தெரியும். சவுண்ட் சர்வீஸ் குழாய் பனைமர உயரத்தில் கட்டியிருக்கும். மேளம். குலவை. இவை எல்லாவற்றையும் மிஞ்சி, அண்ணாச்சியின் வேட்டு.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்து நேராகச் சொன்னார்: இந்த வருசம் குழாய் வேண்டாம், மேளம் வேண்டாம், வேட்டு வேண்டாம்.

கூட்டம் கொந்தளித்தது. "பொங்கலா, எழவு வீடா?" என்று ஒருவர் கேட்டார். "எழவு வீட்டுலயும் வேட்டு உண்டுவே" என்று இன்னொருவர் திருத்தினார்.

பரமசிவம் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இது பேத்தி பொறந்ததுக்கு நேந்துக்கிட்ட வேட்டு. அம்மனுக்குச் சொன்ன வாக்கு. வாத்துக்காவ அம்மனை ஏமாத்தச் சொல்லுதியா நீ? நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்ல?"

"அம்மனுக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி. நீங்க மெதுவாச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அக்காவும் விடவில்லை.

"மடையத் தொறந்து தண்ணியப் பூராம் விட்டுட்டா, சித்திரை வெயில்ல பேத்திய எத ஊத்திக் குளிப்பாட்டுவிய? வேட்டு மருந்தையா?"

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். போகிற போக்கே சரியில்லை. இவர் போடாமல் விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகும் முன் குளத்துக்கு ஒரு நடை போனேன். குளம் காலியாகவே கிடந்தது. நாமக்கோழி மட்டும் உலாத்திக்கொண்டிருந்தது. பறவைகள் பற்றித் தெரிந்த நண்பர்களிடம் கேட்டேன். திரும்பும் என்றார் ஒருவர். இனி அப்படியே வடக்கே போய்விடும் என்றார் ஒருவர். வெடிச் சத்தம் கேட்ட இடத்தை எவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சாப்பாட்டில் கை வைக்காததைப் பார்த்து, "எந்த வாத்துலே செத்துப்போச்சு?" என்று அம்மா கத்திக் கேட்டாள்.

ஆனால் அந்த ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டே வந்தது.

முக்குத் திருப்பத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, ஹாரன் அடிக்க வந்த மினி பஸ் டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர் பயந்துபோய், என்ன சாவா என்று சைகையில் கேட்டார். டீக்கடை ரேடியோ நின்றுவிட்டது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்... ரகசியக் குரலில்!

"ஏட்டி, நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?" — கிசுகிசு.

"வாத்து போவட்டும்ட்டி, ஒன்னைய வச்சுக்கிடுதேன்" — கிசுகிசு.

குடத்தைக்கூட மெதுவாகத்தான் வைத்தார்கள். விசைத்தறித் தெருக்காரன் நான். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

பொங்கல் அன்று விடிகாலையில் போனேன். பைக்கை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். கரை ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரிதான்... வேறென்ன செய்வது?

திறந்தேன்.

குளம் நிறைய வாத்து.

எப்போது வந்தன, ராத்திரியா, விடியும்போதா — ஒருவருக்கும் தெரியவில்லை. தலை கீழாக, வால் மேலாக, சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. கோயிலில் இருந்து ஒரு கல்லெறி தூரத்தில்! கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியாது. என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

கோயில் முன்னால் வரிசையாகப் பொங்கல் பானைகள். முதல் பானை பொங்கி வழிந்தது. பெண்களின் நாக்கு தானாகக் குலவைக்குச் சுழன்றது... அத்தனை பேரும் சட்டென்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சத்தம் வெளியே வரவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன. குலவை இல்லாத பொங்கலை நான் அதுவரை பார்த்ததில்லை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு சத்தத்தை விழுங்கியதையும் பார்த்ததில்லை.

அம்மன் காலடியில் எட்டிப் பார்த்தேன். பூ, பழம், தேங்காய்... நடுவில் ஒரு சாக்குப் பை நிறைய வேட்டு. திருநீறு பூசி, மாலை போட்டு வைத்திருந்தது.

அண்ணாச்சி எங்கே?

ஜீப் வருகிற பாதையில் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு வெகு தூரத்திலேயே நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து ஜீப்பை மறித்தார். அதிகாரி பதறிப்போய்த் தலையை நீட்டினார். அண்ணாச்சி விரலை உதட்டில் வைத்தார்.

"சார்... இஞ்சின அமத்திட்டு எறங்கி நடந்து வாங்க. செருப்பையும் கழட்டிருங்க, சருகு நொறுங்கும்."

பொன்னாடை இல்லை. எலுமிச்சம்பழம் இல்லை. அரசாங்க அதிகாரி ஒருவர், வேட்டுக்காரர் முன்னால் நடக்க, வெறுங்காலோடு பூனை மாதிரி கரை ஏறி வந்தார். ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அந்தக் கழுத்தை அவரும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"நீர்ப்பறவை இருக்கிற வரைக்கும் மடையைத் திறக்கக் கூடாதுன்னு எழுதிடறேன்மா. போதுமா?" — அவரும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"போதும் சார்" என்றார் அக்கா. அதற்குமேல் அவருக்குக் குரல் வரவில்லை. அடக்கி அடக்கிப் பழகிவிட்டதா, வேறு காரணமா, தெரியாது.

எழுதினார். உத்தரவும் அப்படியே வந்தது. மெஷின் வரவில்லை.

இங்கே முடித்துவிடலாம்தான். ஆனால் உத்தரவைப் படித்துக் காட்டியபோது அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்கிற வரைக்கும்னு போட்டிருக்காவளே தம்பி... வாத்து கெளம்பிப் போயிட்டா?"

மறுபடியும் எனக்கு அதிர்ச்சி. இது எனக்குத் தோன்றவே இல்லை. வாத்து என்றாலே கிளம்பிப் போகிற ஜாதிதானே?

போய்விட்டன. பங்குனி வெயில் ஏற ஏற, கூட்டம் கூட்டமாக. இந்த வாரம் ஒருநாள் காலை பார்த்தபோது கடைசி ஊசிவாலும் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடமிருந்து ஃபோன். இன்னமும் ரகசியக் குரல்தான்.

"தம்பி, எல்லாம் போயிட்டுன்னு சொல்லுதாவ. நெசந்தானா? ஒண்ணாவது பாக்கி இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அம்மனுக்கு நேந்த வேட்டு அப்படியே கெடக்கு, திரி கையில இருக்கு."

"நாமக்கோழி ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"அந்தக் கறுப்பா? அதுவும் உத்தரவுல சேத்தியா?"

"அதுவும் நீர்ப்பறவைதான் அண்ணாச்சி. அது இருக்கிற வரைக்கும் மடையத் திறக்க முடியாது."



"அப்பம் சரி. இருக்கட்டும். திரிய நனையாம எடுத்து வைக்கேன். அது கெளம்புத அன்னைக்கு மட்டும் மறக்காம எனக்குச் சொல்லிருங்க... ஊரே அதிரணும்."

சொல்கிறேன் என்றேன்.

தண்ணீர் இருக்கிற வரைக்கும் நாமக்கோழி எங்கேயும் போகாது என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த ஊர் டீக்கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள்... தயவுசெய்து இந்த வாரம் சத்தம் போட்டுப் படிக்காதீர்கள்!